தானே தண்ணீர் குடிக்கும் பசு

1

நான் மலேசியாவுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்து மூன்று வருடம் ஆகிறது. இந்த வருடம் என் மகள் நஸ்ரின் எனக்குப் பதினோரு பசுக்களைக் கூரியரில் அனுப்பிவைத்தாள். எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, குமிழ் வைத்த பிளாஸ்டிக்கில் சுற்றி, ‘கவனம், உடையும்’ என்று மேலே ஒட்டியிருந்தார்கள்.

பதற வேண்டாம். மலாய் மொழியில் பூந்தொட்டிக்குப் ‘பாசு’ என்று பெயர். மலாய்க்காரர்கள் சொன்னால் வேறு மாதிரி கேட்கும். எங்கள் ஆட்கள் வாயில் விழுந்ததும் அது நாலு காலோடு எழுந்து நின்று பசுவாகிவிட்டது. இந்த விவரம் எதுவும் தெரியாமல் இந்த நாட்டில் வந்து இறங்கியவள் நான்.

பகா என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஆரம்பிக்கிற முச்சந்தியில் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுக் கடை. கடையை ஒட்டியே வீடு. நான் வந்த மறுநாள் காலை கடை திறக்கக் கிளம்பியவர், “பசுக்குத் தண்ணி ஊத்திரு” என்று சொல்லிவிட்டுப் போனார். புருஷன் சொன்ன முதல் வேலை அல்லவா? வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினேன். பசுவைக் காணோம். வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தால், செம்பனை மரங்களுக்கு நடுவே சத்தியமாக ஒரு செவலை மாடு மேய்ந்துகொண்டு நின்றது. என் நேரம் அப்படி. வாளியைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்து, “குடி, குடி” என்று கெஞ்சினேன்.

மாட்டுக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? ‘தண்ணி காட்டு’ என்றுதானே சொல்வார்கள்? அப்போதே மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான் சத்தம் போட்டாள்.

“யாரு தங்கச்சி நீ? மண்டோர் வூட்டு மாட்டுக்கு நீ எதுக்குத் தண்ணி காட்டுற?”

அவள்தான் ரோசம்மா அக்கா. இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, ரப்பர் மரம் சீவி, ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் இந்த இடத்தை விட்டு நகராதவள். மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிறவர். அவருக்கு மாடும் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டு ஓடிவிட்டது. பிறகு என் கையைப் பிடித்து அழைத்துப் போய், வீட்டு முன்கூடத்தில் வரிசையாக இருந்த பதினோரு தொட்டிகளைக் காட்டினாள். மாமியார் வைத்துவிட்டுப் போன செடிகள். பதினொன்றும் வாடிப்போய்க் கிடந்தன.

கூத்து இதோடு முடியவில்லை. மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போன் பேசக் கிடைத்தது. எங்கள் ஊர் தொண்டி. அண்ணனை நாங்கள் காக்கா என்போம். “என்னம்மா வேலை செய்யறே அங்க?” என்று காக்கா கேட்டார். அதற்குள் எனக்கும் அந்த வார்த்தை பழகிவிட்டிருந்தது. “பெரிசா ஒண்ணுமில்ல காக்கா. காலையில பதினோரு பசுவுக்குத் தண்ணி ஊத்தணும்” என்றேன். மறுமுனையில் அவர் உடனே திரும்பி, “உம்மா, உம் மவளுக்குப் பதினோரு பசு இருக்காம்!” என்று கத்தியது எனக்கே கேட்டது. உம்மா ‘மாஷா அல்லாஹ்’ சொன்ன குரலில் அவ்வளவு சந்தோஷம். எப்படித் திருத்துவது? லைனும் கட்டாகிவிட்டது.

உம்மா மவுத்தாகிக் கண்ணை மூடும்வரை அந்தப் பதினோரு பசுவும் தொண்டியில் நன்றாகப் பால் கறந்தன.

2

இப்போது ஏன் புதிதாகப் பதினோரு தொட்டி என்று சொல்கிறேன்.

போன நோன்புக்கு முன்னால் காக்கா போன் பண்ணினார். அவர் மகளுக்குக் கல்யாணம். “மூணு மாசம் இருக்கிற மாதிரி வா சபுரா. நீ ஊரோட வந்து இருந்து எத்தனை வருஷமாச்சு?” என்றார்.

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா காக்கா? பசுவையெல்லாம் யாரு பாத்துக்கறது?” என்றேன்.

“அதுவும் சரிதான். வாயில்லா ஜீவன்” என்று அவர் உடனே இறங்கிவிட்டார். இருபத்து மூன்று வருடத்தில் அந்தப் பொய் எனக்குச் செய்த ஒரே உதவி அது.

ஆனால் பக்கத்தில் நஸ்ரின் இருந்தாள். மந்தின் என்ற ஊர்ப் பக்கம் கல்லூரியில் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள், சனி ஞாயிறு வருவாள். அவளுக்குப் பசு என்றால் பூந்தொட்டி, அவ்வளவுதான். நிஜப் பசுவை அவள் ‘லெம்பு’ என்பாள். தமிழில் பேசுவாள், அதில் மலாய் பாதி, ஆங்கிலம் பாதி, தமிழுக்கு இடம் மிச்சமிருந்தால் கொஞ்சம் தமிழ். மலாய்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத்தை நான் சொல்லிக்கொடுத்து ஒன்றிரண்டு தெரியும்.

“உம்மா, செடிக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்லன்னு கல்யாணத்துக்குப் போகாம இருக்கீங்க? சிம்பிள் லா. நான் சால்வ் பண்றேன்” என்றாள்.

அந்தக் காலத்தில் ஒருவர் சாக்குச் சொன்னால் எதிரில் இருப்பவர் அதைச் சாக்கு என்று புரிந்துகொண்டு பேசாமல் போவார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைத் தீர்த்துவைத்துவிடுகிறார்கள்.

அப்படி வந்ததுதான் இந்தத் தொட்டி. வெளியே கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் பாத்திரம். உள்ளே மண் போட ஒரு கூடை. கூடையின் அடியிலிருந்து ஒரு பருத்தித் திரி கீழே நிற்கும் தண்ணீரில் தொங்கும். விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி அது தண்ணீரை மேலே இழுத்துச் செடிக்குக் கொடுக்கும். ஓரத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு சின்ன வாய். தண்ணீர் நிற்கிற அடிப்பாகத்துக்கு மலாயில் ‘தங்கி’ என்று பெயர். நம் ஊர் ‘டேங்க்’தான். நமக்குக் காதில் யாரோ வந்து தங்கியிருக்கிற மாதிரி விழும்.

ஒரு தடவை நிரப்பினால் வாரக்கணக்கில் நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று பெட்டியில் நாலு மொழியில் போட்டிருந்தது. தமிழில் போடவில்லை. நமக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள்.

பணச்செடி, பாம்புச்செடி, லில்லிச்செடி என்று எல்லாவற்றையும் ரோசம்மா அக்காவும் நானும் மாற்றி நட்டோம். தொட்டி ஊடுருவித் தெரிவதால் சில நாளில் வேர் தெரிய ஆரம்பித்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டுரை எழுதினால் இந்த இடத்தில் வேரைப் பற்றி ஒரு பத்தி உருக வேண்டும் என்பது தெரியும். நானும் உருகலாம் என்றுதான் மூக்கைத் தொட்டியில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். சேமியா மாதிரி இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

“இது என்னா தங்கச்சி, உள்ள இருக்கிறதெல்லாம் வெளியில தெரியுது? வெக்கமில்லாத தொட்டியால்ல இருக்கு” என்றாள் அக்கா. அவள் வீட்டுச் செடியெல்லாம் பால் டின்னில் இருக்கிறது.

ஆக, சாக்குப் போய்விட்டது. இனி நான் ஊருக்குப் போகாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். நிஜக் காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் இங்கே இருப்பது ஒரு பாஸில், அதாவது தங்குவதற்குச் சர்க்கார் கொடுக்கும் அனுமதிச் சீட்டில். அந்தப் பாஸின் பெயரில் ‘வருகை’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இருபத்து மூன்று வருடம் இந்தக் கடையில் ரசம் வைத்திருக்கிறேன். சர்க்கார் கணக்குப்படி நான் இன்னும் வருகை தந்துகொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் என் வீட்டுக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையெழுத்துத்தான் நான். நிரந்தரவாசி ஆவதற்கு இரண்டு முறை விண்ணப்பம் போட்டோம், இரண்டு முறையும் வரவில்லை. மூன்றாவது விண்ணப்பம் போயிருக்கிறது.

போன வருடம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எல்லோரும் அவருக்காகத் துஆ செய்தார்கள். நானும் செய்தேன். நடுநடுவே எனக்கு ஒரு கேவலமான யோசனை வந்துகொண்டே இருந்தது. இவர் கண்ணை மூடினால் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? நான் ஊரில் இருக்கும்போது அது நடந்தால் என்னைத் திரும்ப உள்ளே விடுவார்களா? என் மகள் இங்கே, அவர் கபர் இங்கே, நான் தொண்டியில். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. புருஷன் உயிருக்குப் போராடும்போது பாஸைப் பற்றி நினைத்தவள் நான்.

அதனால்தான் மூன்று மாதம் வேண்டாம், மூன்று நாள்கூட வேண்டாம் என்று பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

3

நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது தோட்டத்துக் குடியிருப்பில் ஒருவருக்கு டெங்கிக் காய்ச்சல். சுகாதார இலாகாவிலிருந்து இரண்டு பேர் டார்ச் லைட்டோடு வீடு வீடாக வந்தார்கள். ஒருவர் இளைஞர், ரொம்ப மரியாதை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

நான் பயப்படவே இல்லை. என் வீடு பளிச்சென்று இருக்கும். குளியலறையைக் காட்டினேன், கூரைத் தகரத்தைக் காட்டினேன், கடைசியில் பெருமை தாங்காமல் முன்கூடத்துத் தொட்டிகளையும் நானே காட்டினேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பிறவியிலேயே வந்தது.

அவர் குனிந்து டார்ச் அடித்தார். அக்கா சொன்ன மாதிரி வெட்கமில்லாத தொட்டி அல்லவா, உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. ஏழாவது தொட்டியின் தங்கியில் கமா போட்ட மாதிரி சின்னச் சின்னதாய் ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றுகிற வாய் வழியாகக் கொசு உள்ளே போய்க் குடும்பம் நடத்தியிருக்கிறது. நான் தினமும் ஊற்றிய காலத்தில் தண்ணீர் தேங்க நேரமே கிடைத்ததில்லை. தேங்கவிடுவதற்கென்றே தொட்டி வாங்கினால் கொசு என்ன செய்யும்?

“ஜெந்திக் ஜெந்திக்” என்றார் அவர். எனக்கு அது சலங்கை கட்டி ஆடுகிற மாதிரி கேட்டது. கொசுப்புழுவுக்கு மலாயில் இவ்வளவு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கொசுப்புழு.

பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, “பாசு இனி சியாப்பா புன்யா?” என்று கேட்டார். இந்தத் தொட்டி யாருடையது என்று அர்த்தம்.

எதற்காகக் கேட்கிறார் என்று யோசிக்க வேண்டாமா? எனக்கு மலாயில் பதில் தெரிந்த கேள்வி ஒன்று வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கை தூக்காத குறையாக, “சாயா புன்யா!” என்றேன். என்னுடையது!

அவர் என் பாஸ்போர்ட்டை வாங்கி, என் பெயரை எழுதி, சம்மன் தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். வருத்தப்பட்டுக்கொண்டே கொடுத்தார். போகும்போது கறுப்பு மணல் மாதிரி ஒரு மருந்துப் பொட்டலமும் தந்து, வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், வாய்க்கு வலை கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு என் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது. கடை, கார், என் கைப்பேசி எண்கூட அவர் பேரில்தான். இருபத்து மூன்று வருடத்தில் இந்த நாட்டு அரசாங்கப் புத்தகத்தில் என் பெயரில் பதிவான முதல் சொத்து ஒரு தொட்டிக் கொசுப்புழு.

4

அன்று சாயங்காலம் காக்கா போன். கல்யாணத் தேதி சொல்ல. எனக்கு அழுகையாக வந்தது, யாரிடமாவது கொட்டினால் போதும் என்று இருந்தது.

“காக்கா, பசுவால எனக்குச் சம்மன் வந்திருச்சு” என்றேன்.

இங்கே அபராதச் சீட்டுக்குச் சம்மன் என்று பெயர். தொண்டியில் சம்மன் என்றால் கோர்ட்.

“யா அல்லாஹ்! முட்டிருச்சா?” என்று அலறினார்.

“முட்டல காக்கா. பசுவுக்குள்ள புழு இருந்துச்சாம்.”

“அடிப்பாவி, இதுக்கா கோர்ட்டு? புழு வெச்ச எடத்துல வேப்பெண்ணெய் தடவி விடு, ரெண்டு நாள்ல உதிர்ந்துரும். அந்த ஊர்ல மாட்டு வைத்தியரே கிடையாதா?” என்று ஆரம்பித்தவர், எந்தப் பசுவுக்கு, எந்தக் காலில் என்று விவரமாக விசாரித்தார். “ஏழாவது பசு” என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, போனை வைத்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது.

ரோசம்மா அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“தோட்டத்துல மலேரியா எண்ணெய் அடிச்ச குடும்பம் நாங்க தங்கச்சி. எங்கப்பாரு ட்ரெய்ன் ட்ரெய்னா எண்ணெய் ஊத்துவாரு” என்றாள். ட்ரெய்ன் என்றால் சாக்கடை வாய்க்கால். “என்னைக் கேட்டிருந்தா மொத நாளே சொல்லிருப்பேன். தண்ணி நின்னா கொசு வரும். இதுக்குப் போய் ஏன் அழுவுற?”

“சம்மனுக்காக அழலக்கா. நேர்காணல்ல இதை எடுத்துப் பாத்தா? கொசு வளர்க்கிறவளுக்கு எதுக்குச் சிவப்பு கார்டுன்னு கேட்டா?”

நிரந்தரவாசிக்குச் சிவப்பு கார்டு, குடிமக்களுக்கு நீலம். அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

“இங்கயே பொறந்தவ நான். எனக்கு நீலக் கார்டு கிடைக்கவே நாப்பது வயசாச்சு. எங்காத்தா பொறந்த சூரா எடுக்கல, கிராணி எழுதி வெக்கல, அப்பிடி இப்பிடின்னு. நானெல்லாம் எந்த நாட்டுலேர்ந்து வந்தேனாம்? பேசாம போயிட்டு வா லா. கேட்டா உள்ளதச் சொல்லு.”

சூரா என்றால் பிறப்புப் பத்திரம், கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. அந்தக் கிராணி ஒரு வரி எழுத மறந்ததற்கு அக்கா நாற்பது வருடம் காத்திருந்திருக்கிறாள். நான் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து ஏழாவது தொட்டியைக் கழுவினேன்.

5

எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கார்டு வேண்டும்.

கல்யாணச் சான்றிதழ் மூன்று நகல், மகள் பிறப்புப் பத்திரம் மூன்று நகல், நகல் உண்மையென்று கையெழுத்து வாங்கிய நகல், நீலப் பின்னணியில் படம், அது சரியில்லை என்றால் வெள்ளைப் பின்னணியில் படம் என்று ஒரு பை நிறைய எடுத்துப் போனோம். முதல் நேர்காணலில் எனக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் பேசினார், அவருக்குக் கார்டு கொடுக்கலாம் என்கிற மாதிரி முடிந்தது. இரண்டாவதில் நஸ்ரின் மொழிபெயர்த்தாள். நான் நாலு வார்த்தை சொன்னால் அவள் நாற்பது வார்த்தை சொன்னாள், அதிகாரி என்னைப் பார்க்கவே இல்லை. இந்த முறை என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பிந்தி என்றால் இன்னாரின் மகள். “சபுரா பிந்தி” என்று தொடங்கி வாப்பா பெயரை மூன்றாக உடைத்துப் படித்தார்கள். நான்தான் என்று ஊகித்து எழுந்து போனேன்.

உள்ளே ஒரு மலாய் அம்மா. என் வயது இருக்கும். இங்கே மரியாதையாகப் ‘புவான்’ என்று கூப்பிட வேண்டும். கோப்பைத் திறந்தார். தாள்களைப் புரட்டினார். என் கண் அதில் கொசுப்புழுவைத் தேடியது. அப்போதுதான் மேசையோரத்தைப் பார்த்தேன்.

அதே தொட்டி! அதே பளபளப்பு, அதே திரி, உள்ளே ஒரு பணச்செடி. தங்கியில் தண்ணீர் நிறைய இருந்தது. தண்ணீருக்குள் கமா கமாவாகத் துள்ளல்.

அல்லாவே என்று ஆகிவிட்டது. சொன்னால் இந்த அம்மாவுக்கு அவமானம், என் கார்டு அத்தோடு போச்சு. சொல்லாவிட்டால்? அவர் மலாய்ப் பெண்கள் போடும் நீளமான உடை உடுத்தியிருந்தார், பாதம் திறந்துதான் இருந்தது, கொசுவுக்கு அது போதும். வெளியே நாற்பது ஐம்பது பேர் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தொட்டியைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார், கேள்வி ஏதோ கேட்டிருக்கிறார், என் காதில் விழவில்லை.

“புவான்,” என்றேன். “பாசு புவான்... அடா ஜெந்திக் ஜெந்திக்.”

உங்கள் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறது. யாரும் பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுக்காமல், இந்த நாட்டு மொழியில் அதிகாரி ஒருவரிடம் நான் சொன்ன முதல் முழு வாக்கியம் அது.

அவர் தொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் சிவந்தது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார், அவர் மேசையிலும் ஒரு தொட்டி இருந்தது, அதை அவசரமாக மேசைக்கு அடியில் தள்ளினார். அந்த அம்மா தொட்டியோடு எழுந்து கழிவறைப் பக்கம் போய்விட்டார். முடிந்தது சபுரா, உன் வாய் உன்னைத் தொண்டிக்கு அனுப்பியாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது தொட்டி கழுவி ஈரமாக இருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன், சம்மன் உட்பட. மலாயில் எனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் போட்டு, போதாததற்குக் கையைக் காலை ஆட்டி, முதல் நாள் பசுவுக்குத் தண்ணீர் காட்டிய கதைவரை போய்விட்டேன். ‘பாசு’ தமிழில் ‘லெம்பு’ என்றதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, கோப்பைப் பார்த்து, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“கலாவ் சுவாமி தா’ அடா, புவான் பாலிக் இந்தியா?”

மலாயில் கணவனுக்குச் சுவாமி என்று பெயர். வீட்டில் இருக்கும் சுவாமிக்கு இது ஏற்கெனவே தெரியும், அதனால்தான் அப்படி நடந்துகொள்கிறார். உங்கள் கணவர் இல்லாமல் போனால் இந்தியாவுக்குத் திரும்பிப் போவீர்களா என்று கேட்கிறார். மருத்துவமனை வராந்தாவில் நான் என்னையே கேட்டுக்கொண்ட அதே கேள்வி.

என் மகள் இங்கே இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். கடை இருக்கிறது, கபர்ஸ்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் மலாயில் எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். காக்காவிடம் சொன்ன அதே சாக்கு.

“போனால் பாசுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, புவான்?”

அவர் தன் தொட்டியைத் தட்டிக் காட்டினார். “இந்தப் பாசு தானாகவே குடித்துக்கொள்ளுமே” என்றார் மலாயில். கிண்டலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் மகள் சொன்னதும் அதுதானே? எல்லாம் தானாக நடக்கும் உம்மா, நீங்கள் போகலாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை. பெட்டியில் நாலு மொழியில் பொய் எழுதினானே, அவன் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தங்கி சியாப்பா இசி, புவான்?” என்றேன்.

தங்கியை யார் நிரப்புவது?

அவர் பேனாவை எடுத்தார். தங்கி காலியாக இருந்த தன் தொட்டியைப் பார்த்தார். பிறகு கோப்பில் ஏதோ எழுதினார், இரண்டு வரி. தலைகீழாகப் படிக்க எனக்குத் தெரியாது. கடிதம் வரும், காத்திருங்கள் என்றார். நான் எழுந்தபோது, வலை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பழைய காலுறையை வெட்டிக் கட்டினாலே போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6

காரில் ஏறியதும் என் வீட்டுக்காரர், “என்ன கேட்டாங்க?” என்றார்.

“பசுவைப் பத்திக் கேட்டாங்க.”

“எந்தப் பசு?”

“நீங்க மொத நாள் தண்ணி ஊத்தச் சொன்னீங்களே, அந்தப் பசு.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “சிரிக்காதீங்க, ஸ்டென்ட் நழுவிரப் போவுது” என்று நான் கத்தினேன், அதற்கும் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதி வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மருத்துவமனையில் நினைத்ததையும் சேர்த்து. “நானும் அதைத்தான் நெனச்சேன் சபுரா” என்றார் அவர்.

அன்றே நஸ்ரினுக்குப் போனில் அவர்தான் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வாப்பா இல்லாவிட்டால் உம்மா இங்கே இருக்க முடியாமல் போகலாம் என்று சொன்னார். நஸ்ரின் பிறந்ததிலிருந்து நீலக் கார்டுக்காரி. இப்படி ஒன்று இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல ‘சால்வ் பண்றேன்’ என்பாள் என்று எதிர்பார்த்தேன். “ஓகே உம்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. காக்காவுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொல்லி, நான் வளர்ப்பது பூந்தொட்டி என்ற உண்மையையும் சொல்லிவிட்டேன். நம்ப மறுத்துவிட்டார். கோர்ட்டுச் செலவுக்குப் பசுவையெல்லாம் விற்றுவிட்டு, ஊரில் கௌரவத்துக்காக இப்படிச் சொல்கிறேனாம்.

கடிதம் இன்னும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் வருகிறது. பதினோரு தங்கியையும் கொட்டித் தேய்த்து நிரப்புகிறேன்.

போன வாரம் கூரியர்காரர் மறுபடியும் ஒரு பெட்டி கொண்டுவந்தார். மகள் பெயர் போட்டிருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு மண் தொட்டி. வெறும் சிவப்பு மண் தொட்டி, அடியில் ஓட்டை. திரி கிடையாது, தங்கி கிடையாது. ஊற்றினால் ஓடிவிடும், மறுநாள் மறுபடி ஊற்ற வேண்டும். உள்ளே ஒரு சீட்டு இருந்தது. தமிழில் எழுதியிருந்தாள்.

“உம்மா, இந்த பசு தானா தன்னி குடிகாது. தினம் நீங்க ஊத்தனும். நீங்க இங்கயே இருங்க.”

நாலு பிழை. திருத்தவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.